வேட்டியின் ஜரிகை எங்கே போனது?

டிஜிட்டல் கேமரா வாங்கியதும் பிலிம் கேமராவைப் பரணில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். 2005-ல் திருக்கடையூரில் என் பெற்றோருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஹோமம் முடிந்து வெளியே வந்து, நல்ல வெயிலில் அப்பா வெண்பட்டு வேட்டியுடன் நின்றார். நான் புது டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். சித்தப்பா தன் பழைய கேமராவில் கலர் நெகடிவ் ரோல் போட்டு எடுத்தார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன். அப்பாவின் முகம் நன்றாக இருந்தது. ஆனால் வேட்டி? சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரே வெள்ளை. மடிப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் பிரைட்னெஸைக் குறைத்தேன். வெள்ளை சாம்பல் நிறமானது, அவ்வளவுதான்.

சித்தப்பாவின் பிரிண்டிலும் வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அதே நெகடிவை ஸ்கேன் செய்தபோது மடிப்பு, ஜரிகை எல்லாம் வந்து நின்றன! அப்பா இன்று இல்லை. எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

இதற்குக் காரணம் டைனமிக் ரேஞ்ச். ஒரே காட்சியில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவை கேமராவால் விவரம் கெடாமல் பதிவு செய்ய முடியும் என்பதே இது. இதை 'ஸ்டாப்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு.

டிஜிட்டல் சென்சாரின் ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு வாளி மாதிரி. மழை பெய்து வாளி நிரம்பிவிட்டால், அதன் பிறகு எவ்வளவு பெய்தது என்று சொல்ல முடியாது. கலர் நெகடிவ் அப்படியல்ல. வெளிச்சம் கூடக் கூட அது மெதுவாகத்தான் நிறைகிறது. அதனால் நெகடிவில் இருந்த விவரம் பிரிண்ட் பேப்பரில் இடமில்லாமல் மறைந்து கிடந்தது. (ஸ்லைடு பிலிமிடம் இந்தத் தாராளம் கிடையாது.)

இருட்டில் கதை தலைகீழ். பிலிமில் வெளிச்சம் குறைந்த இடம் வெறுமையாகிவிடும். டிஜிட்டலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தாலும், விவரத்தை ஓரளவு மீட்கலாம்.

2004-ல் அறிவிக்கப்பட்ட ஃப்யூஜி எஸ்3 ப்ரோ கேமராவில் இதற்கு ஒரு நல்ல உபாயம் செய்திருந்தார்கள். பெரிய பிக்ஸல்களுடன் சிறிய பிக்ஸல்களும் உண்டு. பெரியது நிரம்பினாலும் சிறியது நிரம்பாது. இன்றைய செல்போன்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குகின்றன. நல்ல புல் பிரேம் கேமராக்கள் சுமார் 14 ஸ்டாப் வரை தருகின்றன. ஆனாலும் வாளி நிரம்பினால் நிரம்பியதுதான்.

எனவே வெயிலில் வெள்ளை உடை என்றால், கேமராவில் + / - குறியுள்ள எக்ஸ்போஷர் பட்டனை அழுத்தி, மைனஸ் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். முகம் இருட்டினால் பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சமாக்கலாம். கேமராவில் 'ரா' வசதி இருந்தால் அதில் எடுங்கள். ஜேபெக் பைலில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 12 பிட் ராவில் 4096 படிகள். பிலிம் போடுகிறவர்கள் இதற்கு நேர்மாறாக, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டியே எடுக்கலாம்.

பரணில் பழைய நெகடிவ்கள் இருக்கின்றனவா? தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேனர் வாங்கும்போது பிலிம் ஸ்கேன் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்கேனரில் நெகடிவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வராது.