உளநூலும் குற்ற நீதியும்: இரண்டையும் சேர்த்துக் கற்பதன் பயன்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை மருத்துவத்துக்குப் போவதா, சட்டத்துக்குப் போவதா என்பதே அப்பேச்சு. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள ஒரு கல்வியை நம்மவருள் சிலரே அறிவர். உளநூலையும் குற்ற நீதியையும் சேர்த்துக் கற்கும் கல்வி அது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. இதனால் என்ன பயன் என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண, இவ்விரு துறைகளும் எங்கெங்கே சந்திக்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உளநூல், மனிதன் எவ்வாறு உணர்கிறான், நினைவில் வைக்கிறான், முடிவு செய்கிறான் என்பதை ஆராய்வது. குற்ற நீதி என்பது போலீஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை ஆராய்வது. முன்னது மனிதனையும் பின்னது அமைப்பையும் நோக்குகின்றன.

மண்டை ஓட்டிலிருந்து மனத்துக்கு

இத்தாலிய மருத்துவர் சிசாரே லொம்புரோசோ, பிறவிக் குற்றவாளி என ஓர் இனம் உண்டென்றும், நெற்றி, தாடை முதலிய உறுப்புகளின் அமைப்பைக் கொண்டே அவனைக் கண்டுகொள்ளலாம் என்றும் 1876-இல் எழுதினார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளின் உடல் அளவுகளை மற்றவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு, அப்படியோர் உடல் வகை இல்லை என்று 1913-இல் காட்டினார். இதற்கிடையில் ஹார்வர்ட் பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பர்க், சாட்சிக் கூண்டில் நிற்பவரின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை 1908-இல் எழுப்பினார். குற்றவாளியின் முகத்தை ஆராய்வதை விட்டு, வழக்கில் ஈடுபட்ட அனைவரின் மனத்தையும் ஆராயும் வழக்கம் அப்போதுதான் வலுப்பெற்றது.

சாட்சியின் நினைவு

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் நடத்திய சோதனை இன்றும் எல்லா வகுப்புகளிலும் எடுத்துக்காட்டப்படுவது. கார்கள் மோதிக்கொள்ளும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினர். பின்பு, 'கார்கள் ஒன்றையொன்று நொறுக்கியபோது என்ன வேகம்?' என்று சிலரையும், 'தொட்டபோது என்ன வேகம்?' என்று வேறு சிலரையும் கேட்டனர். முன்னவர் சராசரியாக மணிக்கு 40 மைல் என்றனர். பின்னவர் 32 மைல் அளவே கூறினர். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவப்பட்டது. 'நொறுக்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 16 பேர் கண்டதாகக் கூறினர். 'இடித்த' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேருள் 7 பேரே அவ்வாறு கூறினர். படத்தில் உடைந்த கண்ணாடி எதுவுமே இல்லை!

அம்மாணவர்கள் பொய் கூறவில்லை. கேட்ட கேள்வியே அவர்கள் நினைவோடு கலந்துவிட்டது. போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் பதிவு செய்பவரும், அடையாள அணிவகுப்பை நடத்துபவரும் இதை அறிந்திருந்தால், குற்றமற்ற ஒருவன் சிறை செல்வது தடுக்கப்படலாம்.

நம் சட்டத்தில் மனம்

மலேசியத் தண்டனைச் சட்டம், 1860-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டத்தை அடியொற்றியது. அதன் 82-ஆம் பிரிவின்படி பத்து வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது. பத்து வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருந்தால், தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி அக்குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்கிறது 83-ஆம் பிரிவு. முதிர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? இது சட்டம் எழுப்பும் கேள்வி. விடை சொல்ல உளநூல் வேண்டும்.

84-ஆம் பிரிவு சித்தம் கலங்கியவரைப் பற்றியது. 1843-இல் இங்கிலாந்தில், பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மெக்நாட்டனின் வழக்கை ஒட்டி எழுந்த விதிகளோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. ஒருவருக்கு மனநோய் இருந்தது என்று மருத்துவர் சான்று தந்தால் மட்டும் போதாது. அந்நோயின் காரணமாக, தாம் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ, சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய இயலாத நிலையில் இருந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். மருத்துவர் கூறும் நோய் வேறு, சட்டம் கூறும் சித்தக் கலக்கம் வேறு. இரண்டையும் கற்றவரே இவ்வேறுபாட்டை விளக்க வல்லவர்.

சந்தேகம் எழுந்தால் நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிக் கண்காணிக்கச் செய்யலாம். 1911-இல் தொடங்கப்பட்ட, தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள பகாகியா மருத்துவமனை இத்தகையவற்றுள் பழைமையானது. ஊர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக வழங்கும் நம்மவர், அங்கு நடைபெறும் பரிசோதனை ஒருவரின் உயிரையே காக்கக் கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஓர் உயிரும் ஓர் எண்ணும்

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், 42.72 கிராம் ஹெராயினுடன் 2009-இல் சிங்கப்பூரில் கைதானார். 2010-இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. போதைப்பொருளைக் கொண்டு செல்பவராக மட்டும் இருந்தவரின் மனப் பொறுப்பு பெரிதும் குன்றியிருந்தால், அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்க இடமளிக்கும் திருத்தம் 2013-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அவருடைய நுண்ணறிவு ஈவு 69 என ஒரு சோதனையில் காணப்பட்டது. சராசரி மனிதருக்கு அது 100. நிபுணர்கள் சாட்சியம் அளித்தனர். ஆனால், தாம் செய்வது இன்னதென அறிந்தே அவர் செய்தார் என்று 2017-இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. 2019-இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. 2022 ஏப்ரல் 27-இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. நாம் கருத வேண்டுவது ஒன்று. ஓர் எண் ஒரு மனிதனின் பொறுப்பை எந்த அளவு காட்டும், எந்த அளவு காட்டாது என்ற கேள்வியே அங்கே உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

மலேசியாவில் இக்கேள்விகள் இனிப் பெருகும். கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் 2023 ஜூலை 4-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு குற்றம் உறுதியானால் நீதிபதிக்கு வேறு வழியில்லாத வழக்குகளில், இப்போது மரணமா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அம்மனிதரின் வளர்ப்பு, மனநிலை, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றை யாரேனும் ஆராய்ந்து கூற வேண்டுமன்றோ?

இளைஞரும் குண்டர் கும்பலும்

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. அப்போது அது வெளியிட்ட கணக்கின்படி, கும்பல் உறுப்பினர் 40,313 பேருள் 28,926 பேர் இந்தியர். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக இருந்த ஒரு சமூகம், அக்கணக்கில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்!

இந்த எண்ணைக் கண்டு, 'இவர்கள் இனமே இப்படித்தான்' என்பார் உளர். இது கோரிங் தகர்த்த பழைய கொள்கையே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கோயிலும் பள்ளியும் உறவும் சூழ வாழ்ந்த குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்க அறிஞர், குற்றச் செயலும் மற்றத் தொழில்களைப் போல நெருங்கிப் பழகுவோரிடமிருந்து கற்கப்படுவதே என்றார். பள்ளியில் பின்தங்கி, வீட்டிலும் ஆளில்லாமல் தெருவில் நிற்கும் பையனுக்கு 'தம்பி' என்று அழைத்துத் தோளில் கை போடுபவன் யாரோ, அவனே ஆசிரியன் ஆகிறான்.

டெர்ரி மாஃபிட் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி மேலும் நம்பிக்கை தருவது. இளமையில் தவறு செய்வோருள் பெரும்பாலோர் வயது முதிர முதிர அதை விட்டுவிடுகின்றனர். சிறுவயது முதல் வாழ்நாள் முழுதும் தொடர்வோர் ஒரு சிறு கூட்டமே. இவ்விரு வகையினரையும் பிரித்தறியாமல் எல்லோரையும் ஒரே சிறையில் அடைத்தால், தானே திருந்தியிருக்கக் கூடியவனும் அங்கே தேர்ந்த ஆசிரியர்களைப் பெறுகிறான். 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இதை உணர்ந்தே, மாஜிஸ்திரேட்டுக்குத் துணையாக இரு ஆலோசகரை அமர்த்துகிறது. அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். வீட்டுச் சூழல், பள்ளி நடத்தை, உடல்நிலை ஆகியவை அடங்கிய நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்த்த பின்பே முடிவு செய்யவும் பணிக்கிறது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் அச்சில தாள்களில் அடங்கியிருக்கிறது.

எங்கே கற்பது? என்ன வேலை?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக் கழகம், கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக் கழகம் ஆகியவற்றிலும், சன்வே, மோனாஷ், ஹெல்ப் முதலிய தனியார் கழகங்களிலும் உளநூல் கற்பிக்கப்படுகிறது. 1972-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக் கழகத்தின் சட்டப் புலம் குற்ற நீதியில் முதுகலைப் பட்டம் வழங்கி வந்துள்ளது. ஆகவே, முதலில் உளநூலில் பட்டம் பெற்று, பின்பு குற்ற நீதியைத் தொடர்வது இங்கே எளிய வழி.

மாணவர் ஒன்றை மட்டும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். இளங்கலைப் பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலர் ஆகிவிட முடியாது. அதற்கு முதுகலைப் பயிற்சி வேண்டும். ஆலோசகராகப் பணிபுரிய 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். ஆனால் சமூக நலத் துறை, சிறைத் துறை, போலீஸ், போதை ஒழிப்பு நிறுவனம், தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில் இக்கல்விக்கு இடமுண்டு. 1895 முதல் நின்ற புடு சிறை 1996-இல் மூடப்பட்டு, கைதிகள் காஜாங்கிலும் சுங்கை பூலோவிலும் வைக்கப்பட்டனர். 2008 முதல் பரோல் முறையும் வந்துள்ளது. யாரை வெளியே விடலாம் என்று மதிப்பிடுவது பூட்டுப் போடுவதைவிட அரிய பணி.

இறுதியாக ஒன்று. நம் நீதிமன்றங்களின் மொழி மலாய். வெளிநாட்டில் ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட உளச் சோதனைகள் பல. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு தோட்டத்துத் தாயோ, தடுப்புக் காவலில் இருக்கும் ஓர் இளைஞனோ, தன் மனத்தில் உள்ளதை மொழிபெயர்ப்பாளர் வழியே கூறும்போது எவ்வளவு பொருள் வழியில் சிந்திவிடுகிறது! 'ஒன்றுமில்லை' என்று தலைகுனிந்து சொல்பவன் மறைக்கிறானா, அஞ்சுகிறானா, கேள்வியே புரியாமல் நிற்கிறானா என்பதை அவன் மொழியும் வாழ்வும் அறிந்தவரே உய்த்துணர்வர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் தமிழ் வழக்கறிஞர் நம்மிடையே பலர் உண்டு. அவரைப் புரிந்துகொண்டு நீதிமன்றத்துக்கு எடுத்துரைக்க வல்ல தமிழ் உளவியலர் மிகச் சிலரே. அவ்விடத்தை நிரப்பும் ஆற்றலும் நாட்டமும் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோர் குறுக்கே நில்லாமல் இருப்பது அப்பிள்ளைக்கு மட்டுமன்றி, இன்னும் நீதிமன்றப் படியேறாத பல பிள்ளைகளுக்கும் செய்யும் உதவியாகும்.