பிகாட் பிரபுவின் பதினோரு ஆண்டுப் பட்டம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். ஜார்ஜ் பிகாட் என்று ஒரு வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1755-இல் கவர்னரே ஆனவர். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758-59-இல் கோட்டையை முற்றுகையிட்டபோது விடாமல் காத்தார். பிறகு மூட்டை மூட்டையாகப் பணத்தோடு ஊர் திரும்பினார். 1766-இல் அவருக்கு அயர்லாந்தின் ‘பாரன்’ பட்டம் கிடைத்தது.

அவருக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பட்டயத்தில் ‘டப்ளின் கவுன்டி, பாட்ஷல்’ என்று இருக்கும். அவர் வாங்கிய பாட்ஷல் மாளிகையோ இங்கிலாந்தில், ஸ்டாஃபர்ட்ஷயரில்! அயர்லாந்துப் பட்டம் அரசருக்குச் செலவில்லாத சன்மானம். லண்டன் பிரபுக்கள் சபையில் இடம் கொடுக்க வேண்டியதில்லை. வாங்குபவருக்கும் ஒரு லாபம் உண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பிரபு காமன்ஸ் சபைத் தேர்தலில் நிற்க முடியவில்லை, அயர்லாந்துப் பிரபு நிற்க முடிந்தது. பிகாட் சாகும்வரை பிரிட்ஜ்நார்த் தொகுதியின் எம்.பி. பிளாசியில் வென்ற கிளைவுக்கும் 1762-இல் இதே ரகப் பட்டம்தான். அவருக்கு அதில் மனம் நிறையவில்லை.

1775 கடைசியில் பிகாட் மறுபடி சென்னைக் கவர்னர். ஆற்காட்டு நவாப் முகமது அலி பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை, கம்பெனி உத்தரவுப்படி, மன்னர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். வந்தது வினை. நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சை வருமானத்தை ஈடாகப் பிடித்திருந்த பால் பென்ஃபீல்டு சும்மா இருப்பாரா? கவுன்சிலில் பெரும்பான்மை கவர்னருக்கு எதிராகத் திரண்டது. 1776 ஆகஸ்டில், சொந்த கவுன்சிலே அவரைக் கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தது. 1777 மே மாதம் காவலில் இருந்தபடியே இறந்தார். அவரை மீண்டும் பதவியில் அமர்த்தச் சொல்லும் லண்டன் உத்தரவு வந்தபோது ஆள் இல்லை.

பட்டமும் அவரோடு போயிற்று. முறைப்படி மணந்த மனைவிக்குப் பிறந்த ஆண் வாரிசுக்குத்தான் அது சேரும். பிகாட் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள்தான், சட்டம் அவர்களை வாரிசாக எண்ணவில்லை.

ஆனால் 1764-இல் கிடைத்த ‘பாரனெட்’ என்ற சிறிய பட்டத்தில் தம்பிகள் ராபர்ட், ஹியூ இருவருக்கும் தனியாக உரிமை எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அது தப்பியது. அமெரிக்காவில் பங்கர் ஹில் சண்டையில் பெயரெடுத்த ராபர்ட், அண்ணன் இறந்ததும் ‘சர்’ ஆனார். ‘லார்டு’ ஆகவில்லை.