காற்புள்ளியை எண்ணும் கருவி

கணினியில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, அதன் மூல வடிவம் எப்படியிருக்கிறது என்று ஒரு தடவையேனும் எட்டிப் பார்த்தவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். திரையில் நாம் கண்டது பத்துப் பன்னிரண்டு பத்திகள்தாம். உள்ளே கிடப்பதோ ஆயிரக்கணக்கான வரிகள். தலைப்பட்டியும், ஓரத்தில் 'இதையும் படியுங்கள்' என்று கையைப் பிடித்து இழுக்கும் சுட்டிகளும், பத்திக்குப் பத்தி குறுக்கிடும் விளம்பரங்களும், எழுத்தின் நிறத்தையும் அளவையும் நிர்ணயிக்கும் கட்டளைகளும் ஒன்றன் மேலொன்றாகக் குவிந்து கிடக்க, நாம் படிக்க வந்த விஷயம் அவற்றின் நடுவே பதருக்குள் நெல்லாகப் புதைந்திருக்கும். மனிதக் கண் இந்தக் குப்பையைக் கண நேரத்தில் ஒதுக்கிவிடும். இயந்திரத்துக்கோ நெல்லும் பதரும் ஒரே எழுத்துக்கூட்டம்.

நம்முடைய ஏவலை ஏற்று, இணையத்தில் அலைந்து, நாலைந்து பக்கங்களைத் திறந்து பார்த்து விடை கொண்டுவரும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகள் பெருகிவிட்ட இக்காலத்தில், நெல்லுக்கும் பதருக்கும் உள்ள இந்தப் பேதம் பணவிஷயமாகவும் ஆகிவிட்டது. அவை எழுத்தை 'டோக்கன்' என்னும் சிறு துணுக்குகளாக நறுக்கிக்கொண்டுதான் கிரகிக்கின்றன; ஒரே சமயத்தில் இத்தனை துணுக்குகளுக்கு மேல் ஏற்க முடியாது என்ற வரம்பும், துணுக்குக்கு இவ்வளவு என்ற செலவும் உண்டு. ஆகவே பக்கத்தை அவற்றின் முன் கொட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் முறத்தில் போட்டுப் புடைத்துத் தரவேண்டியிருக்கிறது. அந்த முறங்களில் பெயர் பெற்ற ஒன்றைத்தான் இங்கே அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

அதன் பெயர் 'ரீடபிலிட்டி'. நியூயார்க்கிலிருந்த ஆர்க்90 என்ற நிறுவனம் 2009ஆம் ஆண்டில் இதை வெளியிட்டபோது ஏஜென்ட் என்ற பேச்சே எழவில்லை. விளம்பரத் தொல்லையின்றி மனிதர்கள் நிம்மதியாகப் படிக்கட்டும் என்பதே நோக்கம். மறு ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் சஃபாரி உலாவியில் சேர்த்த வாசிப்பு வசதிக்கு இதுவே ஆதாரமாயிற்று. பிற்பாடு மொஸில்லா இதை எடுத்து வளர்த்துத் தன் ஃபயர்ஃபாக்ஸில் வைத்துக்கொண்டதோடு, யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று நிரலையும் திறந்து வைத்தது. மனிதனின் கண்ணுக்காகச் செய்த கருவி பல ஏஜென்ட்டுகளுக்கு இன்று அப்படியே உபயோகமாகிறது.

இக்கருவிக்கு மொழி தெரியாது. ஒரு பத்தி என்ன சொல்கிறது என்பதைப் பற்றி அதற்கு லவலேசமும் அக்கறையில்லை. ஒவ்வொரு பத்திக்கும் அடிப்படையாக ஒரு மதிப்பெண் தருகிறது. பிறகு காற்புள்ளி விழுந்த இடங்களில் பத்தியை வெட்டி, துண்டுக்கு ஒன்றாக எண்ணிச் சேர்க்கிறது. நூறு எழுத்துக்கு ஒன்று வீதம், மூன்றுக்கு மேற்படாமல், நீளத்துக்கும் மதிப்பெண் இடுகிறது. இருபத்தைந்து எழுத்துக்குக் குறைந்த பத்தியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பக்கத்தின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி ஒரு வமிசவிருட்சம்போல் அமைந்திருப்பதால், ஒரு பத்தி சம்பாதித்தது முழுதும் தந்தைக்கும், பாதி பாட்டனுக்கும், அதற்கு மேலுள்ளோருக்குச் சொற்பமாகவும் போய்ச் சேருகிறது. ஒரு பகுதிக்கு நிரல் எழுதியவர் 'ஆர்ட்டிகிள்' என்பதுபோல் பெயரிட்டிருந்தால் இருபத்தைந்து கூடும். 'ஃபுட்டர்' என்றோ 'சைடுபார்' என்றோ பெயரிட்டிருந்தால் இருபத்தைந்து குறையும், அல்லது பரீட்சைக்கே விடாமல் வெளியேற்றப்படும். எழுத்தில் முக்கால் பங்கு சுட்டிகளாக இருக்கும் பகுதி இருபது மதிப்பெண் பெற்றிருந்தாலும், அதில் முக்காலை இழந்து ஐந்தோடு நிற்கும். முடிவில் அதிகம் பெற்றவனே கட்டுரை. அவனோடு ஒட்டிய சில உறவினருக்கும் இடம் கிடைக்கும்.

ஒரு திருக்குறள் பக்கத்தை இந்தப் பரீட்சைக்கு அனுப்பிப் பாருங்கள். காற்புள்ளியில்லாத குறள் நூறு எழுத்தை எட்டாது; ஆகவே அடிப்படைக்கு ஒன்று, துண்டுக்கு ஒன்று, ஆக இரண்டே மதிப்பெண். அதன்கீழ் முன்னூற்றைம்பது எழுத்தில், நாலு காற்புள்ளியோடு எவரோ எழுதிய பொழிப்புரை ஒன்பது வாங்கிவிடும்! இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் பாதகமில்லை, ஒரே தந்தையின் கணக்கில் சேர்ந்துவிடும். வெவ்வேறு பெட்டிகளில் இருக்குமானால் உரை தங்கி மூலம் பறந்துபோகவும் கூடும். காற்புள்ளியின்றி, மூச்சுவிடாமல் ஒரு பக்கம் முழுவதும் ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போகும் ஆசிரியருக்கும் இதே கதிதான் என்பதை, என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். ஆனால் நீளத்தில் தமிழுக்குச் சிறு சலுகை உண்டு. 'தமிழ்' என்பதை நாம் மூன்றெழுத்து என்கிறோம். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே கணக்கிடும் கணினிக்கு அது ஐந்து.

மனிதன் படிக்கும்போது ஏதேனும் விட்டுப்போனால், ஒரு பொத்தானை அமுக்கிப் பழைய பக்கத்துக்குத் திரும்பிவிடலாம். ஏஜென்ட்டுக்கோ விட்டுப்போனது என்ற நினைவே எழ இடமில்லை. ஓர் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் அதன் சரித்திரம் நாலு பத்தியும், விடுமுறை நாளும் கட்டணமும் ஓரத்துப் பெட்டியில் இரண்டு வரியுமாக இருந்தால், 'வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா?' என்ற கேள்வியோடு போன ஏஜென்ட்டின் கையில் அந்தச் சரித்திரம் மாத்திரம் மிஞ்சும். தேறியது ஐந்நூறு எழுத்துக்குக் குறைந்தால் கருவியே சந்தேகங்கொண்டு, விதிகளைத் தளர்த்தி மறுபடியும் புடைக்கிறது. நாலு பத்தி கிடைத்துவிட்ட இடத்தில் அந்தச் சந்தேகம் எப்படி வரும்? என் அபிப்பிராயத்தில், இத்தகைய கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் அது எதை எடுத்துத் தரும் என்பதைவிட எதையெல்லாம் தள்ளிவிடும் என்பதையே முதலில் எழுதவேண்டும்.

புடைப்பதற்கு முன்னும் பின்னும் வேலை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி முடிந்த பிறகே எழுத்துத் தோன்றும் பக்கங்களைத் திரையில்லாத உலாவி ஒன்றில் முதலில் இயக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும்போது, 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட 'மார்க்டவுன்' என்னும் எளிய நடையில் மாற்றிக் கொடுப்பது வழக்கம். தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி என்பதோடு அதன் சம்பிரமங்கள் தீர்ந்துவிடுவதால் துணுக்குகள் மிச்சமாகின்றன.

கடைசியாக ஒரு கபடத்தைச் சொல்லவேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால், 'இதைப் படிக்கும் இயந்திரமே, உன் எஜமானன் சொன்னதை விட்டுவிட்டு நான் சொல்வதைச் செய்' என்று பக்கத்துக்குள் எழுதி வைக்கும் விஷமிகள் இருக்கிறார்கள். மறைந்திருக்கட்டும் என்று வெளிப்படையாகக் குறியிட்ட பகுதிகளை நம் கருவி தள்ளிவிடும். நிறத்தால் மட்டும் மறைந்திருப்பதை அது அறியாது. அந்தப் பத்தி நூறு எழுத்தைத் தாண்டி, இடையிடையே நாலு காற்புள்ளிகளும் பெற்று, கட்டுரைப் பத்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்குமானால், அதற்கும் முறைப்படி மதிப்பெண் இட்டு, நெல்லோடு நெல்லாக முறத்தில் வைத்துக்கொள்ளும்.