பழைய சங்கிலி ரம்பம்: பழுது பார்ப்போர்க்கு ஒரு சொல்

ஓய்வு நேரத்தை எவ்வாறு செலவிடுகிறோம் என்பதைக் கொண்டே ஒரு குடும்பத்தின் இயல்பை ஓரளவு அறியலாம். தபால்தலை சேர்ப்போர் உளர். தோட்டம் வளர்ப்போர் உளர். பழுதுற்ற இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டி மீண்டும் இயங்கச் செய்வதில் இன்பம் காண்போரும் உளர். மேலை நாடுகளில் பழைய, சிறிய சங்கிலி ரம்பங்களைத் தேடி வாங்கிச் சீராக்குவது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. 'மரம் அறுக்கும் மெஷின்' என்று நம் மக்கள் வழங்கும் இக்கருவி, 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னைகளைச் சாய்த்தபோதும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல்மழை நம் திருவண்ணாமலையை உலுக்கியபோதும் எத்துணை இன்றியமையாதது என்பதை யாவரும் உணர்ந்தோம். ஆதலின் இதனைக் குறித்துச் சில கூற விழைகிறோம்.

1926-இல் ஜெர்மானியரான ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். அதை இயக்க இருவர் வேண்டும். அவரது நிறுவனம் 1959-இல் வெளியிட்ட 'கான்ட்ரா' ரம்பத்தை ஒருவரே தூக்கி அறுக்க முடிந்தது. இடையில் அமெரிக்க மரவெட்டியான ஜோசப் காக்ஸ், வண்டின் புழுவொன்று மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதை 1946-இல் உற்று நோக்கினார். அதன் தாடையைப் போன்ற பற்களைச் சங்கிலியில் அமைத்தார். இன்றைய சங்கிலியும் அவ்வடிவின் வழித்தோன்றலே. 1970-களில் மெக்கல்லக் நிறுவனத்தின் 'மினி மேக்' போன்ற கைக்கடக்கமான ரம்பங்கள் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

இக்கருவியின் உள்ளம் நமக்கு அந்நியமானதன்று. 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டியைப் போலவே இதுவும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே. அவ்வண்டியைப் பழுது பார்த்த கை இதனையும் பழுது பார்க்கும்.

முதலில் தீப்பொறியை நோக்குக. மிகப் பழைய ரம்பங்களில் பாயிண்ட் அழுக்கேறியிருக்கும். துடைத்து இடைவெளியைச் சரி செய்தாலே பல எஞ்சின்கள் உயிர்பெறும். அடுத்தது கார்புரேட்டர். ரம்பத்தை எப்பக்கம் சாய்த்தாலும் பெட்ரோல் தடையின்றிச் செல்லும்பொருட்டு அதில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. ஆண்டுகள் பல சென்றால் அது விறைத்துவிடும். இந்நாளில் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர்க் குழாய்களும் விரைவில் கெடும். புதிய சவ்வும் குழாயும் இடுக. வேலை முடிந்தபின் பெட்ரோலை வடித்துவிட்டு வைக்க. எண்ணெயின் அளவு அந்தந்த ரம்பத்துக்குரியதாக இருத்தல் வேண்டும். 50-க்கு 1 எனில் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 எனில் 40 மில்லி.

சங்கிலியைத் தீட்டுவது பொறுமையின் பாடம். ஏற்ற பருமனுள்ள வட்ட அரத்தால், பல சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுக்க வேண்டும். ஒருபுறத்துப் பற்கள் நீண்டுவிட்டால் அறுப்பு கோணும். கூர் மழுங்கிய சங்கிலி மாவாகத் துகள் உதிர்க்கும். கூரிய சங்கிலி சீவல் சீவலாக உதிர்க்கும்.

இனி, மாற்றியமைத்தலுக்கு வருவோம். இங்கேதான் இளைஞர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். வலுவைக் கூட்டுவதற்காகச் சைலன்சரின் வாயை அகலப்படுத்துவது பலர் செய்யும் வேலை. அவ்வாறு செய்தால் கார்புரேட்டரில் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கூட்டாவிடில், பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் சூடேறி உருளையோடு பற்றிக்கொள்ளும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாகும்.

அதனினும் பெரிது ஒன்றுண்டு. சைலன்சரினுள் உள்ள சிறு கம்பிவலை தீப்பொறியைத் தடுப்பதற்கானது. வலு கூடும் என்று அதை அகற்றுவோர் நம் மலையை நினைத்தல் நன்று. கோடையில் அதன் சரிவுகளில் புல் காய்ந்து, பலமுறை தீப்பற்றியுள்ளது. ஒரு பொறி போதும். இளங்கன்றுகளை நட்டு நீரூற்றி வளர்த்தோரின் உழைப்பு சாம்பலாகும்.

வாளின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். அதை நிறுத்தும் சங்கிலித் தடை 1970-களில்தான் பரவத் தொடங்கியது; ஆதலின் பழைய ரம்பங்கள் பலவற்றில் அது இல்லை. அத்தகையதைச் சீராக்குவோர், எழும்புதலைக் குறைக்கும் வகைச் சங்கிலியை இடுக, நுனியால் அறுக்காதிருக்க, தோளுக்கு மேல் உயர்த்தாதிருக்க. தடை உள்ள ரம்பத்தில் அதைக் கழற்றுவது திறமையன்று, மடமை. கண்ணுக்கும் காதுக்கும் கால்களுக்கும் காப்பு வேண்டும். சிறுவர் பட்டறையில் அமர்ந்து அரம் பிடிக்கக் கற்கலாம். ஓடும் ரம்பத்தின் அருகில் வருதல் ஆகாது.

பெற்றோரே, உங்கள் மகன் பழைய இரும்புக் கடையிலிருந்து துருவேறிய ரம்பமொன்றைச் சுமந்து வந்தால் சினவாதீர்கள். எறிந்ததை எடுத்து உயிரூட்டும் மனம் நல்ல மனமே. ஆனால் ஒன்றை மட்டும் அவனிடம் கேளுங்கள்: "வலுவைக் கூட்டினாய், சரி, காவலைக் குறைத்தாயா?" இதற்கு அவன் நேராக விடை கூறுவானாயின், அடுத்த புயலில் அண்டை வீட்டார் வாசலில் சாய்ந்த மரத்தை அகற்ற அவனை நம்பி அனுப்பலாம்.