பாதி சுருட்டிய பாய்

காற்று திடீரென வலுத்தால், அலையில் நனைந்தபடி பாய்மரப் படகின் முனைவரை தவழ்ந்துபோய் முன்பாயை இறக்கிவிட்டுச் சிறிய பாயை மாட்டுவதுதான் ஒருகாலத்தில் இருந்த வழி. இன்று பின்தளத்தில் உட்கார்ந்தபடி ஒரு கயிற்றை இழுத்தால் போதும். பாய்மரத்தை முன்னிருந்து தாங்கும் முன்கம்பியைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் குழல், அதன் காடியில் பாயின் முன்விளிம்பு, அடியில் அந்தக் கயிறு சுற்றிய ஓர் உருளை. உருளை சுழன்றால் குழலும் சுழலும், பாய் அதன்மேல் சுருண்டுவிடும். ஆனால் ஒரே படகில் பந்தயமும் ஓட்டி நெடும்பயணமும் போகிறவர் எந்தச் சுருட்டியை வாங்குவது?

முதலில் பாயைப் புரிந்துகொள்ள வேண்டும். துணித் துண்டுகளை வளைவாக வெட்டித் தைத்து, பாயின் நடுவே ஒரு புடைப்பு வைக்கிறார்கள். படகை இழுக்கும் விசை அந்த வளைவில் பிறக்கிறது. பாதி சுருட்டும்போது சிக்கல் தொடங்கும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் வலுவுக்காகத் துணி பல அடுக்காக இருப்பதால் அங்கே சுருள் தடித்து, சுற்றுக்குச் சுற்று அதிகத் துணியை விழுங்குகிறது. நடுவிலோ சுருள் மெலிது, உள்ளே போகும் துணியும் குறைவு. பரப்பு குறைந்தும் புடைப்பு பெருத்துப் பின்னுக்கு நகர்ந்துவிடுகிறது. கடுங்காற்றுக்குத் தட்டையான பாய் வேண்டிய நேரத்தில், படகைச் சாய்த்துத் தள்ளும் ஒரு பைதான் கிடைக்கிறது.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரு முனைகளையும் தனித்தனிச் சுழலிகளில் கட்டிவிடுகிறார்கள். குழல் திரும்பத் தொடங்கியதும் முனைகள் சற்றுத் தாமதித்தே பின்தொடரும்; அந்த முதல் சுற்றில் நடுத்துணி மட்டும் உள்ளே இழுபட்டுப் புடைப்பு வற்றிவிடும். முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தாலும் நடுச்சுருள் தடித்து இதே பலன் கிடைக்கும். அப்படியும் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் சுருட்டினால் வடிவம் கெட்டுவிடும்.

பந்தயக்காரருக்கு உருளையே இடைஞ்சல். பாயின் அடிவிளிம்பு தளத்தை உரசியபடி இருந்தால், அழுத்தம் மிகுந்த பக்கத்துக் காற்று அடிவழியே மறுபக்கம் நழுவாது. உருளை பாயை மேலே தூக்கி அடியில் ஓர் இடைவெளியைத் திறந்துவிடுகிறது. ஆகவே கழற்றக்கூடிய உருளையும், இரண்டு காடி உள்ள குழலும் கொண்ட அமைப்பையே வாங்கச் சொல்வேன். இரண்டாவது காடியில் புதிய பாயை ஏற்றிய பிறகே பழையதை இறக்கலாம். நடுவே படகு வேகம் இழக்காது.

வாங்குபவர்கள் உருளையைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். ஆபத்து இருப்பது உச்சியில். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு முன்கம்பிக்கு இணையாக ஓடினால், சுழலியோடு சேர்ந்து அதுவும் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே 8 முதல் 10 பாகைக் கோணம் தேவை. சிக்கிய பாயை விஞ்ச் எனும் கயிறிழுக்கும் பொறி வைத்து இழுத்தால் முன்கம்பி அறுந்து பாய்மரமே விழலாம். பயணப் பாய் குட்டையானால், அதன் தலையில் ஒரு கயிற்றுத்துண்டைக் கட்டிச் சுழலியைச் சரியான உயரத்துக்கு ஏற்ற வேண்டும்.

1989இல் தொடங்கிய வாந்தே குளோப் பந்தயத்தில் மாலுமிகள் தனியாளாக உலகைச் சுற்றுகிறார்கள். அந்த 60 அடிப் படகுகளிலும் சுருட்டிகள் உண்டு. ஆனால் முன்பாயைப் பாதியில் நிறுத்துவது அரிது. பெரியதை முழுக்கச் சுருட்டிவிட்டு, வேறொரு கம்பியில் இருக்கும் சிறியதை விரிப்பார்கள். சிறுபடகுக்காரருக்கு அத்தனை கம்பிகள் கட்டாது. இரண்டு பாய்கள் கட்டும்: வெயில் தாங்கும் துணியை ஓரத்தில் தைத்த பயணப் பாய் ஒன்று, அந்தச் சுமை இல்லாத பந்தயப் பாய் ஒன்று. சுருட்டிக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம்பிடித்தாவது இரண்டாவதைத் தைத்துக்கொள்வது நல்லது.