உறக்கத்தில் தடைப்படும் மூச்சு

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அறிகுறி எனப் பலர் கருதுவர். டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலையையுடைய குழந்தைகளிடத்தில் இக்கருத்து தீங்கு விளைவிக்கக் கூடும்.

இந்நிலையை 1866-இல் விவரித்தவர் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். இருபத்தோராம் குரோமோசோம் இரண்டிற்குப் பதிலாக மூன்று இருப்பதே இதன் காரணம் என்பதைப் பிரெஞ்சு அறிஞர்கள் 1959-இல் வெளியிட்டனர். இக்குழந்தைகளின் முகத்தின் நடுப்பகுதி சிறுத்தும், தசைகள் தளர்ந்தும் இருக்கும். வாயின் அளவுக்கு நாக்கு பெரிதாக அமையும். உறக்கத்தில் தசைகள் மேலும் தளர, நாக்கு பின்னே சரிந்து மூச்சு வழியை அடைக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை சற்றே விழிப்புற்று மூச்சை மீட்கிறது. இது இரவெல்லாம் மீண்டும் மீண்டும் நிகழும்.

பகலில் தோன்றும் சோர்வும், எரிச்சலும், கவனக் குறைவும் இதன் விளைவாக இருக்கலாம். அவற்றைக் குழந்தையின் இயல்பு என்று விட்டுவிடுதல் தவறு. இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயக் குறையும் உண்டு. மூச்சுத் தடையால் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்தால் இதயம் பின்னும் நலியும்.

பெற்றோர் கூர்ந்து நோக்கினும் நோய் புலப்படாமற் போவதுண்டு. ஆகவே, அறிகுறி இல்லாவிடினும், நான்கு வயதிற்குள் உறக்கச் சோதனை செய்தல் வேண்டுமென அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. இச்சோதனையில் மூச்சு, இதயத் துடிப்பு, மூளையின் மின்னலைகள், பிராணவாயு அளவு ஆகியவை ஓரிரவு முழுவதும் பதிவு செய்யப்படும்.

சிகிச்சையின் முதற்படி டான்சில், அடினாய்டு சதைகளை அகற்றுதல். அதன் பின்னும் பலருக்கு நோய் எஞ்சுகிறது. அவர்களுக்கு முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தலாம். இது ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை. முகமூடியை முதலில் பகலில், விளையாட்டாகச் சிறிது நேரம் அணிவித்துப் பழக்குதல் நன்று.

எவ்வளவு பழக்கினும் சிலர் அதனை ஏற்பதில்லை. இத்தகையோருக்கு மார்பின் தோலடியில் ஒரு சிறு மின்கருவி பொருத்தப்படுகிறது. ஒவ்வொரு மூச்சிழுப்பின்போதும் அது நாவை இயக்கும் நரம்பைத் தூண்ட, நாக்கு முன்னே நகர்ந்து வழிவிடுகிறது. 10 முதல் 21 வயது வரையுள்ள 42 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின் மூச்சுத் தடைகள் மணிக்குச் சராசரியாக 13 அளவு குறைந்தன. அமெரிக்க அரசு 2023-இல், கடும் நோயுள்ள 13 முதல் 18 வயதினர்க்கு இதனை அனுமதித்தது. எனினும் இஃது அறுவைச் சிகிச்சை, எல்லோருக்கும் உரியதன்று.

குழந்தை கழுத்தைப் பின்னே வளைத்தோ, அமர்ந்து முன்சாய்ந்தோ உறங்கினால் அச்செய்தியை மருத்துவரிடம் கூறுதல் பெற்றோரின் கடமையாகும்.