பழைய பிக்கப்பின் இயந்திர அளவை அறிதல்

இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் விளைவிக்கும் கமக்காரர் ஒருவர் பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அறுவடைக்கு முன் அதன் இயந்திரத்தைத் திருத்தியாக வேண்டும். உதிரிப்பாகக் கடைக்காரர் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை சீசீ?" என்பதே. விடை பிழைத்தால் வாங்கிய பிஸ்ரன் பொருந்தாது. பணமும் வீணாகும், நெல்லும் களத்திலேயே கிடக்கும்.

சீசீ என்பது உருளைகளுக்குள் பிஸ்ரன்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடத்தின் மொத்தக் கன அளவாகும். 1953 முதல் வெளிவந்த இவ்வகைப் பிக்கப்புகளில் முதலில் 803 சீசீ இயந்திரமும், 1956 முதல் 948 சீசீயும், 1962 முதல் 1098 சீசீயும் பொருத்தப்பட்டன. மூன்றும் நான்கு உருளைகள் கொண்டவை. வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தார் போன்றவை.

பதிவுப் புத்தகம் போதாதா எனில், எப்போதும் போதாது. 1990களில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, வன்னியில் பழைய வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முழுதும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி, மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். உருளை விரைவில் தேயும். தேய்ந்த இயந்திரத்துக்குப் பொதுவாக உள்ள வழிகள்: உருளையைக் கடைந்து பெருப்பித்தல், அல்லது வேறோர் இயந்திரத்தைப் பொருத்துதல். அம்மாற்றம் பதியப்படாவிடின், புத்தகம் பழைய கதையையே சொல்லும்.

ஆகவே இயந்திரத்தையே கேட்க வேண்டும். அதன் வலப்புறத்தில், டைனமோவுக்கு மேல், இலக்கத் தகடு இருக்கும். ஏ.பி.எச்.எம். என்று தொடங்கினால் 803. 9 என்று தொடங்கினால் 948. 10 என்று தொடங்கினால் 1098.

தகடு இல்லாவிடின், உருளைத் தலையைக் கழற்றும்போது அளந்து பார்க்கலாம். உருளையின் விட்டம் 948இல் 62.9 மில்லிமீற்றர், 1098இல் 64.6. வேறுபாடு இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லை. 948ஐ ஒரு மில்லிமீற்றர் பெருப்பித்திருந்தால் விட்டம் ஏமாற்றிவிடும். ஏமாற்றாதது பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம். 803, 948 இரண்டிலும் அது 76.2 மில்லிமீற்றர், அதாவது சரியாக மூன்று அங்குலம், 1098இல் 83.7. உருளையை எவ்வளவு கடைந்தாலும் இத்தூரம் மாறாது. 803ஐயும் 948ஐயும் பிரித்தறிய விட்டம் உதவும். 803இன் விட்டம் 58 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

விட்டத்தின் பாதியை அதனாலேயே பெருக்கி, 3.1416ஆலும், ஏறியிறங்கும் தூரத்தாலும், நான்காலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சீசீ கிடைக்கும். பள்ளியில் படித்த உருளையின் கன அளவுக் கணக்கே இது. கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் இதைச் செய்துகொள்ளும் கமக்காரர், ஒருமுறை வாங்கியதையே மறுமுறையும் வாங்க நேராது.